தலைக்கட்டு

டிசம்பர் முதல் வாரம். மெய்ன் கரையோரம்.
நூலகத்தின் பின்னறையில் வெப்பக் குழாய்
யாரோ உள்ளேயிருந்து ஸ்பானரால் தட்டுவதுபோல் தட்டுகிறது.
என் விரலெல்லாம் ஃபிர் மரத்துப் பிசின்.
வெண்ணெய் தேய்த்தும் போகவில்லை.
தொட்ட காகிதம் கூடவே வருகிறது.

மிஸஸ் உவெலெட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
“அடுத்த வருஷம் எவ்வளவு வரும்?”

மெரில் சிரித்துவிட்டான்.
அதைச் சிங்கி இறாலிடம்தான் கேட்க வேண்டும்.
தண்ணீர் சூடானால் அது ஆழத்துக்குப் போகும்,
அது ஆழத்துக்குப் போனால் நான் தூரம் போக வேண்டும்,
தூரம் போனால் டீசல், டீசல் என்றால்...
“ஓர் எண் போதும்” என்றாள்.
எண்தான் வேண்டும். கடல் வேண்டாம்.

ஆகஸ்டில் நான் புளூபெர்ரி வாரிய பதினெட்டு நாள்.
நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் மாலை கட்டுவது,
ஒன்றுக்கு இரண்டு டாலர்,
எந்த ஊர்க் கதவில் தொங்குமோ அது.
மெரிலின் படகில் இரை, கயிறு,
பனிக்காலத்தில் செத்துப்போன எஞ்சின் எல்லாம் கழித்து மிச்சம்.
கூட்டினாள். கழித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து
இன்னொரு முறை கூட்டினாள்.

“வீட்டில் எத்தனை பேர்?”
நாலு என்றான் மெரில், யோசிக்காமல்.
தம்பி ட்வைட்டையும் சேர்த்துத்தான்.
வின்ச்சு அவன் இரண்டு விரலைத் தின்றதிலிருந்து
மூன்று வருஷமாக எங்கள் சோபாவில் படுக்கை.
எங்கள் உருளைக்கிழங்கு, எங்கள் காப்பி.
“வரிக் கணக்கு தனியாகக் காட்டுகிறாரா?”
காட்டுகிறான். காட்ட என்ன இருக்கிறது அதில்.
“அப்படியானால் அவர் தனித் தலைக்கட்டு.”
சோபாவே ஒரு குடும்பம்.

மெரில், நான், கோல்ட்டன்.
மூன்று பேருக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.
அதற்கு மேலே நாங்கள், அறுநூற்றுப் பதினொரு டாலர்.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்: முந்நூற்றுச் சொச்சம் மாலை.
இரவு பத்து மணிக்கு மேல் கட்டியவை.
கோட்டுக்கு மேலே வேறு திட்டம் உண்டு என்றாள்,
மாதம் கட்டலாம்,
ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் ஏழாயிரம் எங்கள் பாடு.
மெரில் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

“ஒரே ஒரு கேள்வி பாக்கி. எல்லோரிடமும் கேட்பதுதான்.
வீட்டில் யாராவது கர்ப்பமாக இருக்கிறீர்களா?”

ஐந்து வாரமாக எனக்குத் தெரியும்.
கோல்ட்டனுக்குப் பிறகு இரண்டு முறை அவனிடம் சொன்னேன்,
இரண்டு முறையும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.
இந்த முறை வயிறே சொல்லட்டும் என்று இருந்தேன்.
நாற்பத்தொரு வயதில், மேஜையைப் பார்த்து,
“ஆமாம்” என்றேன்.

அவள் சொடுக்கினாள்.
மூன்று நான்காயிற்று.
கோடு ஏறி எங்கள் தலைக்கு மேலே போய் நின்றது.
நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

மெரில் உட்கார்ந்தான்.
“எப்போது?”
ஜூன் கடைசி.
ஜூன் கடைசியில்தான் இறால் தோடு கழற்றும்,
ஜூலையில் கூடு நிறையும், விடிவதற்குள் படகு கிளம்பும்.
நகத்தடி அழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தவன்
அவளிடம் சொன்னான், என்னிடம் இல்லை:
“அந்த எண் தப்பு.
ஜூலையை எடுத்துவிடுங்கள். ஜூலையில் நான் கடலுக்குப் போகமாட்டேன்.”
“தேவையே இல்லை, இப்போதே நீங்கள் கோட்டுக்குக் கீழே...”
“எடுத்துவிடுங்கள்.”

கையெழுத்துப் போட்டேன்.
பேனா விரலை விடவில்லை, பிடுங்கித்தான் கொடுத்தேன்.

வெளியே, லாரியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
மீதி மூன்று விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ட்வைட்.
கண்ணாடியை இறக்கினான்.
“என்ன, நமக்குக் கிடைத்ததா?”